வடமாநிலத் தொழிலாளர்களை நம்பித் திருப்பூரில் லைன் வீடு கட்டலாமா?

பெருமாநல்லூரான்:
பெருமாநல்லூர் பக்கம் 5 சென்ட் பூர்வீக இடம் இருக்குங்க. ஒட்டினாப்புல வரிசையா 8 லைன் வீடு போட மேஸ்திரி 40 லட்சம் சொல்றார். வீட்டுக்கு 4,500 வாடகைன்னா மாசம் 36,000. ஒடிசா, பீகார் பசங்க வீடு கேட்டு தினமும் வந்து நிக்கிறாங்க. மொத்தத்தையும் பேங்க் கடனா வாங்கி இறங்கிடலாம்னு இருக்கேன். அப்பா ரிட்டயர்மென்ட் பணம் 15 லட்சம் இருக்கு, அதைத் தொட மனசில்லை. என்ன சொல்றீங்க?

நொய்யல்கரை:
வேண்டாம் தம்பி. 40 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருஷம். மாசத் தவணையே 36,000 வந்துடும். எட்டு வீடும் நிறைஞ்சிருந்தாத்தான் தவணை கட்டலாம். மோட்டார், செப்டிக் டேங்க், வெள்ளையடிக்கிறது எல்லாம் கைக்காசு. 2020 ஊரடங்குல எங்க 12 வீட்டுல 9 காலி. காலின்னுகூடச் சொல்ல முடியாது. பூட்டிட்டு ரயில் ஏறிட்டாங்க, உள்ளே அவங்க பாத்திரமும் சைக்கிளும். வாடகையும் வரலை, வேற ஆளுக்கும் விட முடியலை. அவங்க மேல தப்பில்லை, வேலையும் சோறும் இல்லாத ஊர்ல எப்படி இருப்பாங்க? 2025 ஆகஸ்டில் நம்ம பனியன் ஏற்றுமதி மேல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்பவும் எங்க தெருவுல முதல்ல நின்னது ஓவர்டைம், அப்புறம் ரெண்டு வீட்டுல பூட்டு.

பவர்டேபிள்:
அண்ணா, இதே பேச்சை 2011லயும் கேட்டேன். நொய்யல் ஆத்துல கழிவு கலக்குதுன்னு அந்த ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, திருப்பூர் முடிஞ்சுதுன்னு இடத்தை வித்தவங்க இருக்காங்க. இன்னிக்கு அந்த இடத்தோட விலைக்குப் பக்கத்துலகூடப் போக முடியாது. அன்னிக்கு மதுரை, தேனி, தஞ்சாவூர்லேர்ந்து வந்தாங்க, இன்னிக்கு பீகார், அசாம். ஆள்தான் மாறுறாங்க, வீட்டுக்கான தேவை குறையலை. 2020ல போனவங்களைக் கம்பெனிகளே பஸ் அனுப்பிக் கூட்டிட்டு வந்ததை மறந்துட்டீங்களா?

நொய்யல்கரை:
திரும்பி வந்தாங்க, நான் இல்லைன்னு சொல்லலை. அதுவரைக்கும் கடனை யார் கட்டுறது? ரிசர்வ் வங்கி ஆறு மாசம் தவணையைத் தள்ளி வெச்சுது, வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்தது. அதுக்காக எங்க வீட்டம்மா வளையலை அடகு வெச்சேன். ஊர் மேல நம்பிக்கை இருக்கிறது வேற, கடன் தாங்குறது வேற.

வைகைக்காரி:
நான் 2004ல தேனியிலேர்ந்து வந்து இன்னமும் வாடகை வீட்டுலதான் இருக்கேன். வீட்டுக்காரங்க நீங்க காலி வீட்டைப் பத்தியே பேசுறீங்க. எங்க காம்பவுண்டுல குடும்பத்துக்கு 4,500 வாங்கின வீட்டை இப்ப எட்டுப் பசங்களுக்கு ஆளுக்கு ஆயிரம்னு விடுறாங்க. 8,000 கிடைக்கிற இடத்துல எங்களுக்கு ஏன் தரப்போறாங்க? அந்தப் பசங்களுக்கும் நல்ல வாழ்க்கை இல்லை: ஷிப்ட் மாத்தி ஒரே பாய்ல படுக்கை, மூணு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். ஆர்டர் குறைஞ்சா ஒரே ராத்திரியில எட்டுப் பேரும் கிளம்பிடுவாங்க. ஆனா பொண்டாட்டி பிள்ளையோட வந்த ஒடிசாக்காரர் ரெண்டு பேர் எங்க தெருவுல இருக்காங்க. அவங்க பிள்ளைங்க அரசுப் பள்ளியில தமிழ்ல படிக்குது. வரிப் பிரச்சினை வந்தப்பவும் அவங்க அசையலை. தம்பி, தனித்தனிக் கக்கூஸ் வெச்சு குடும்பத்துக்குக் கட்டுங்க. எழுத்துல ஒப்பந்தம் போடுங்க. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலேன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2017 வாடகைச் சட்டத்துலயே இருக்கு.

பெருமாநல்லூரான்:
அக்கா சொன்னதைக் கேட்டதும் யோசனை மாறுதுங்க. முதல்ல நாலு வீடு மட்டும் கட்டினா?

நொய்யல்கரை:
கடன்லயே கட்டினா ஒண்ணும் மாறாது. 20 லட்சத்துக்குத் தவணை 18,000, வாடகையும் 18,000தான். அப்பா சம்மதிச்சா அந்த 15 லட்சத்தைப் போட்டு, 5 லட்சம் மட்டும் கடன் வாங்குங்க. தவணை 4,500. மூணு வீடு காலியானாலும் நாலாவது வீடு கட்டிடும்.

பவர்டேபிள்:
அதுக்கு நானும் சரிங்கறேன். ஆனா அஸ்திவாரத்தையும் தூணையும் மேல ஒரு மாடி தாங்குற மாதிரி இப்பவே போட்டுடுங்க தம்பி. நாலு வருஷத்துல தேவைப்படும்.