தேர்வு எழுதிக்கொடுக்க வருகிறவர்கள் ஏன் மறுபடி வருவதில்லை?

மதுரை ஒருங்கிணைப்பாளர்:
பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்கு ஸ்கிரைப், அதாவது அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிக்கொடுப்பவர், ஏற்பாடு செய்யும் சின்ன அமைப்பு எங்களுடையது. முதல் தடவை ஆசையாக வருகிறவர்கள் அடுத்த செமஸ்டரில் போனை எடுப்பதில்லை. டிசம்பர் 5, சர்வதேசத் தன்னார்வலர் தினத்தன்று சால்வை, சான்றிதழ், சாப்பாடு என்று குறைவில்லாமல் செய்கிறோம். இன்னும் என்ன செய்யலாம்? போக்குவரத்துக்குப் பணம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

திருச்சி ஸ்கிரைப்:
சால்வைக்காக யாரும் வருவதில்லை சார். தேர்வு நாளைப் பாருங்கள். மூன்று மணி நேரத் தாள் என்றால், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் சேர்த்து நான்கு மணி நேரம். போக வர ஆகும் நேரமும் சேர்ந்தால் ஒரு நாள் லீவு போய்விடும். அப்படி வந்தவரை, ஸ்கிரைப்புக்கான அனுமதிக் கடிதம் வரவில்லை என்று அலுவலக வாசலில் நிற்கவைத்தால் மறுபடி எப்படி வருவார்? எனக்கு ஒரு கல்லூரியில் அது நடந்தது. உள்ளே போனபோது மணி அடித்துவிட்டது. அந்த மாணவிக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

என்ன பாடம், எந்த மொழி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கணக்கும் குறியீடும் வரும் தாளுக்குத் தமிழ் இலக்கியம் படித்தவரை அனுப்பினால் இருவருக்கும் கஷ்டம். 2018 மத்திய அரசு வழிகாட்டுதலில், மாணவரே அழைத்து வரும் ஸ்கிரைப்பின் படிப்பு மாணவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. இப்போதைய விதியையும் எழுதுபவரின் படிப்பையும் போனிலேயே கேட்டுக்கொண்டால் வாசலில் திருப்பி அனுப்பும் நிலை வராது.

அப்புறம், ரிசல்ட். நான் வரலாற்றுத் தாள் எழுதிக்கொடுத்த அந்தப் பெண் பாஸ் ஆனாரா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. மாணவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வரி அனுப்புங்கள். எனக்கு அது எந்தக் கேடயத்தையும் விடப் பெரிது.

பார்வையற்ற ஆசிரியர், சேலம்:
முந்தின நாளே இருவரையும் போனில் பேசவிடுங்கள். நான் எவ்வளவு வேகமாகச் சொல்வேன், கேள்வியை எத்தனை முறை படிக்க வேண்டும், எழுதியதை எங்கே திருப்பிப் படித்துக்காட்ட வேண்டும் என்றெல்லாம் பேசிவைத்த தேர்வுகளில்தான் நிம்மதியாக இருந்தேன். எழுத வந்தவர்களும் பதற்றமில்லாமல் இருந்தார்கள்.

கோவை:
பணம் பற்றி: ஆளைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் கொடுங்கள். பஸ், ஆட்டோ காசை அன்று மாலையே ஜிபேயில் போட்டுவிட்டால் யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்பவர் திருப்பி அனுப்பட்டும். எழுத வரும் கல்லூரி மாணவர்கள் பலர் காசில்லாமல்தான் நின்றுவிடுகிறார்கள், சொல்லமாட்டார்கள்.

மதுரை ஒருங்கிணைப்பாளர்:
நன்றி. போன செமஸ்டர் பட்டியலை எடுத்துவிட்டேன், மாணவர்களிடம் ரிசல்ட் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சால்வைச் செலவை ஆட்டோவுக்கு மாற்றத் தலைவரிடம் பேச வேண்டும். அனுமதிக் கடிதம் யாரிடம் இருக்க வேண்டும்?

திருச்சி ஸ்கிரைப்:
மூலக் கடிதம் தேர்வு அலுவலகத்தில். நகல் ஒன்று மாணவர் கையில், இன்னொன்று எழுதுபவர் கையில். முந்தின நாள் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.