மியான்மர்ல ராணுவம் ஆட்சிய புடிச்சப்ப உலக நாடுகள் உருப்படியா ஏதாவது பண்ணுச்சா?

வைகைக்கரையான்:
2020 நவம்பர்ல ஜனங்க ஓட்டு போட்டு ஆங் சான் சூச்சி கட்சிய ஜெயிக்க வெச்சாங்க, புது பார்லிமென்ட் கூட இருந்த 2021 பிப்ரவரி 1 அன்னிக்கு விடியக்காலைலயே சூச்சிய புடிச்சு உள்ள வெச்சுட்டு ராணுவத் தளபதி மின் ஆங் லைங் உக்காந்துட்டாரு. எல்லா நாடும் கண்டனம் தெரிவிச்சாங்க, அதத் தாண்டி என்ன நடந்துச்சு? இந்தியா ஏன் பட்டும்படாம இருந்துச்சு?

தென்றல்77:
ஒண்ணுமே பண்ணலன்னு சொல்ல முடியாது ப்ரோ. நியூயார்க்ல இருந்த மியான்மர் அரசோட பணம் சுமார் 100 கோடி டாலர அமெரிக்கா முடக்கிடுச்சு. ஜூன்ல ஐ.நா. பொதுச்சபைல ஆயுதம் போறத தடுக்கச் சொல்லி தீர்மானம் வந்துச்சு, 119 நாடு ஆதரவு, பெலாரஸ் மட்டும் எதிர்ப்பு, இந்தியா சீனா ரஷ்யாலாம் சேர்த்து 36 பேர் ஓட்டே போடல. ஆனா பொதுச்சபை சொல்றது யாரையும் கட்டுப்படுத்தாது, பாதுகாப்பு கவுன்சில் சொன்னாதான் உண்டு, அங்க தீர்மானம் நிறைவேறவே 2022 டிசம்பர் ஆயிடுச்சு, அதுலயும் ஆயுதத் தடை கிடையாது.

எல்லைக்கோடு:
இந்தியா விஷயம் எனக்கு இன்னும் ஆறல. 1,600 கிலோமீட்டருக்கு மேல எல்லை, மணிப்பூர் நாகாலாந்து தீவிரவாத குரூப்புங்க அந்தப் பக்கம் கேம்ப் போட்டிருக்கு, நாம ஒதுங்குனா சீனா உள்ள வரும், இந்த கணக்கெல்லாம் புரியுது. அதுக்காக மார்ச் 27 மியான்மர் தலைநகர் நேபிடோல நடந்த ராணுவ அணிவகுப்புக்கு ஆள் அனுப்பியே தீரணுமா? அன்னிக்கு ஒரே நாள்ல நூறு பேருக்கு மேல சுட்டுக் கொன்னாங்க, அதுல சின்னப் பசங்களும் உண்டு.

வைகைக்கரையான்:
@எல்லைக்கோடு அணிவகுப்பு விஷயம் தெரியாதுங்க, கேக்கவே கஷ்டமா இருக்கு. தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பு ஆசியான் என்ன பண்ணுச்சு?

தென்றல்77:
ஏப்ரல்ல ஜகார்த்தாவுக்கு மின் ஆங் லைங்க கூப்பிட்டு உக்கார வெச்சு அஞ்சு அம்ச உடன்பாடு போட்டாங்க, வன்முறைய நிறுத்தணுங்கறதுதான் மொத அம்சம், அவரு ஊருக்கு போனதும் நிலைமை சீரான பிறகு பாக்கலாம்னுட்டாரு. ஜனங்க ஓட்டு போட்டு அனுப்புன தரப்புல ஒருத்தரக்கூட கூப்பிடாம அவர மட்டும் கூப்பிட்டது பெரிய அநியாயம். அக்டோபர்லதான் மாநாட்டுக்கு வராதீங்கன்னு சொன்னாங்க.

மழைக்காலம்:
தூதர்கள யாருமே சொல்லலயே. ஐ.நா.வுல இருந்த மியான்மர் தூதர் கியாவ் மோ துன் பிப்ரவரி 26 பொதுச்சபைல ராணுவத்துக்கு எதிரா பேசிட்டு, போராட்டக்காரங்க காட்டுற மாதிரி மூணு விரல தூக்கி காட்டுனாரு, மறுநாளே வேலைய விட்டு தூக்கிட்டோம்னு ராணுவம் அறிவிச்சுது, ஆனா ஐ.நா. ராணுவம் அனுப்புன ஆள ஏத்துக்கல, அவரே அந்த சீட்ல தொடர்ந்தாரு. லண்டன்ல இருந்த மியான்மர் தூதர் நிலைமைதான் கொடுமை, சூச்சிய விடுங்கன்னு சொன்னதுக்கு ஏப்ரல்ல அவரோட தூதரகத்துக்குள்ளயே விடாம கதவ பூட்டிட்டாங்க, ராத்திரி முழுக்க வாசல்ல கார்லயே கிடந்தாரு. பிரிட்டன் அத கண்டிச்சுச்சு, ஆனா மியான்மர் எடுத்த முடிவ ஏத்துக்கத்தான் வேணும்னுடுச்சு.

எல்லைக்கோடு:
கேஸ் காசையும் சேத்துக்கங்க. ராணுவத்துக்கு டாலர் கொட்டுற அரசு எண்ணெய்-எரிவாயு கம்பெனி மேல ஐரோப்பிய யூனியன் 2022 பிப்ரவரிலயே தடை போட்டுச்சு, அமெரிக்கா அந்தக் கம்பெனிய தொட 2023 அக்டோபர் ஆச்சு, அதுவும் முழுத் தடை இல்ல. பக்கத்துல தாய்லாந்து கேஸ் வாங்கறத நிறுத்தவே இல்ல. ஆட்சிய புடிச்ச அந்த மொத வாரமே காசு வர்ற வழிய எல்லாரும் சேந்து அடைச்சிருக்கணும்.