சுண்ணாம்புச் சுவருக்குப் பட்டி பார்த்தால் பத்து வருடம் தாங்குமாம்!

குரோம்பேட்டைக்காரன்:
பழைய வீட்டின் வெளிச்சுவருக்குப் பட்டி பார்த்து, அதாவது புட்டி பூசிச் சமன்செய்து, அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் பத்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று எலிவேஷன்_ராஜா நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீடு 1964இல் அப்பா கட்டியது, சுண்ணாம்புக் காரைப் பூச்சு. இதே யோசனையைக் கேட்டுத்தான் சித்திரையில் முன்சுவரை மாற்றினேன். ஐப்பசி மழையில் பெயிண்ட் பூரி போல உப்பியது. விரலால் குத்தினேன், தண்ணீர் வடிந்தது, கூடவே செங்கல் தூளும் கொட்டியது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும் சார்!

எலிவேஷன்_ராஜா:
மூச்சு விடுகிறதா? மூக்கு எந்தப் பக்கம், கிழக்கா மேற்கா? பிரைமர் அடித்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
இரண்டு கோட். பில் இருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் பிளாஸ்டிக் தோலைப் போர்த்தினால் எங்கே போகும்? உள்ளேயே நின்று உப்புப் பூக்கும். மூச்சு என்றால் இதுதான்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
அஸ்திவாரத்தின் மேல் டி.பி.சி., அதாவது ஓதம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, போட்டிருக்கிறதா? அதைப் பார்க்காமல் பெயிண்டைத் திட்டுவானேன்?

எலிவேஷன்_ராஜா:
அப்படிக் கேளுங்கள் ஐயா!

மாடிவீட்டு_மீனா:
ராஜா சார் புதுப்பித்த வீட்டின் படத்தைப் பார்த்தேன். திண்ணையை இடித்துவிட்டுச் முன்பக்கம் சாம்பல் நிற ஏ.சி.பி. அலுமினியத் தகடு. வீடா, வங்கிக் கிளையா?

எலிவேஷன்_ராஜா:
திண்ணை இருந்தால் என் கார் எங்கே நிற்கும்? உங்கள் வீட்டில் நிறுத்தட்டுமா? போன வருடம் வேப்பமரத்தை வெட்டியபோதும் நீங்கள்தான் முதல் ஆளாக வந்தீர்கள்.

மாடிவீட்டு_மீனா:
மரத்தை வெட்டிவிட்டு, மேற்குச் சுவர் கொதிக்கிறது, என்ன பெயிண்ட் அடிக்கலாம் என்று மே மாதம் இங்கே வந்து கேட்டவர் யார்?

குரோம்பேட்டைக்காரன்:
மரம் கிடக்கட்டும் அம்மா. அப்பா பொங்கலுக்குப் பொங்கல் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, துளி நீலம் கலந்து அடிப்பார். ஐம்பது வருடம் ஒரு கொப்புளம் இல்லை.

எலிவேஷன்_ராஜா:
வருடா வருடம் அடித்தால் எப்படிக் கொப்புளம் வரும்? நான் பத்து வருடம் என்றேன்.

குரோம்பேட்டைக்காரன்:
எனக்கு ஆறு மாதம்! ஆறு மாதம்! சுவர் மூச்சு விட வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது?

ஓய்வுபெற்ற_பொறியாளர்:
டி.பி.சி. கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

புதியவன்_88:
எங்கள் வீடு 1988இல் கட்டியது. சிமெண்ட் பூச்சா சுண்ணாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குரோம்பேட்டைக்காரன்:
மூலையில் நகத்தால் கீறிப் பாருங்கள் தம்பி. வெள்ளையாக மாவு போல உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு.

எலிவேஷன்_ராஜா:
மெதுவாகக் கீறுங்கள், சுவருக்கு மூச்சுத் திணறிவிடப்போகிறது.

குரோம்பேட்டைக்காரன்:
பிரைமர் பில்லை இன்று இரவு படம் எடுத்துப் போடுகிறேன். ராஜா தூங்கிவிட வேண்டாம்.