சேலத்தில் இட்லிப்பூச் செடி வெளுக்கிறது, பூவும் இல்லை

ஜாகீர் அம்மாபாளையம்:
வாசல் மதிலோரம் சிவப்பு இட்லிப்பூ வைத்திருக்கிறேன். பழைய இலை பச்சையாகத்தான் இருக்கிறது. துளிர் மட்டும் மஞ்சள், அதில் நரம்பு பச்சையாகக் கோலம் போட்டது போலத் தெரிகிறது. உரக்கடையில் சொன்னபடி யூரியா போட்டும் மாற்றமில்லை. ஊற்றுவது போர் தண்ணீர். அப்புறம், இந்தப் பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கச் சொல்கிறார் அத்தை. தேய்க்கலாமா?

கன்னங்குறிச்சித் தோட்டக்காரன்:
யூரியாவை நிறுத்துங்க. தழைச்சத்து குறைந்தால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும். துளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், காரம் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது. உங்கள் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமி, மண்ணில் காரம் ஏறியிருக்கும். போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா, பாருங்கள். போதாக்குறைக்கு மதில் பூச்சிலிருந்து சுண்ணாம்பும் இறங்கும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்.

அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். மதிலில் பட்டால் துருக்கறை லேசில் போகாது, பழைய சாக்கைத் தொங்கவிட்டு அடியுங்கள். இது முதலுதவிதான். மழைநீர் பிடித்து ஊற்றுவதும், செம்மண், மட்கிய சாணம், ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு கலந்த பெரிய தொட்டிக்கு மாற்றுவதும்தான் நிலைக்கும். காப்பிச் சக்கை போடச் சொல்லி வீடியோ வரும். அதற்கெல்லாம் சேலத்து மண் மசியாது.

பூ கிளை நுனியில் வருவது. காய்ந்த கொத்தை இரண்டு கணு கீழே நறுக்கினால் பக்கக்கிளை வெடிக்கும். அரை நாள் வெயிலாவது வேண்டும்.

ஏற்காடு:
எங்களுக்கு மண் கவலை இல்லை, காப்பித் தோட்டத்து மண்ணே புளிப்பு. ஆனால் 1,500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிரில் செடி அப்படியே உட்கார்ந்துவிடும். அதற்கு ஒரு மருந்தும் இல்லை!

சித்த மருத்துவம் படித்தவள்:
இட்லிப்பூவுக்கு வெட்சி என்றும் பெயர். வெட்சிப் பூவைச் சீதபேதிக்கும் பெரும்பாட்டுக்கும் (மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு), வேரை விக்கலுக்கும் காய்ச்சலுக்கும் கொடுப்பது பழைய வழக்கம். குழந்தைச் சொறி சிரங்குக்கு எண்ணெய் காய்ச்சுவதைக் கேரளத்தில் இன்றும் பார்க்கலாம். பூவின் ஈரம் சுண்டிச் சலசலப்பு அடங்கியபின் இறக்குங்கள், ஈரம் நின்றால் எண்ணெய் கெடும். முதலில் கையில் ஒரு பொட்டு தடவி மறுநாள் பாருங்கள். நீர் வடியும் புண்ணுக்கு வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். உள்ளுக்கும் கொடுக்காதீர்கள். மருந்துக்கு நாட்டு ரகம்தான், அதற்கு இதழ் நுனி கூராக இருக்கும். நர்சரியில் விற்கும் சீன ரகத்துக்கு மொண்ணை. உரம், மருந்து தெளித்த செடியின் பூவையும் தொட வேண்டாம்.

ஜாகீர் அம்மாபாளையம்:
சரிங்க, எங்களுடையது மொண்ணை ரகம். அத்தை இப்போது நாட்டுப்பூ தேடிக்கொண்டிருக்கிறார். அன்னபேதி எங்கே கிடைக்கும்?

கன்னங்குறிச்சித் தோட்டக்காரன்:
உரக்கடையிலேயே பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். பச்சையாக இருப்பதை வாங்குங்கள், பழுப்பேறியது வேலைக்கு ஆகாது.