கியூப்சாட்டுகளுக்கு அடையாள விளக்கைக் கட்டாயமாக்க வேண்டுமா?

ஹலசூர் வானோக்கி:
எங்கள் கல்லூரியில் செய்த கியூப்சாட், அதாவது பத்து சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி வடிவச் சிறு செயற்கைக்கோள், பல செயற்கைக்கோள்களுடன் ஒரே ராக்கெட்டில் சென்றபோது, அவற்றுள் எங்களுடையது எது என்று அறியப் பன்னிரண்டு இரவுகள் விடுதி மொட்டைமாடியில் ஒரு திசையிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்தபடி நின்றோம். ரேடார் பட்டியலில் பெயர்கள் இல்லை. 'பொருள் ஏ', 'பொருள் பி' என்றே இருந்தன. ஒவ்வொன்றின் பாதையையும் கணினியில் ஏற்றி, கோள் நெருங்கி விலகும்போது அலைவரிசை மாறுவதால் திரையில் வளைந்து இறங்கும் சிக்னல் கோட்டோடு அது பொருந்துகிறதா என்று பார்த்தோம். பொருத்தம் கிடைப்பதற்குள் சிக்னலே நின்றுவிட்டது. 2017-இல் இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி37 ராக்கெட் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றது. ரேடாருக்குப் பெட்டி தெரியும், அது யாருடைய பெட்டி என்பது தெரியாது. ஆகவே தன் எண்ணைக் கண்சிமிட்டிச் சொல்லும் விளக்கு ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் இருக்க வேண்டும்.

பீன்யா பொறியாளர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா. தீர்வில்தான் உடன்பட இயலவில்லை. தென்மேற்குப் பருவத்தில் பெங்களூருவில் எத்தனை இரவுகள் வானம் தெளிந்திருக்கிறது? தமிழ்நாட்டிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கிகளுக்கு வடகிழக்குப் பருவமழையும் தடைதான். ரேடியோ அலை மேகத்தைக் கடந்து வரும், ஒளி வராது. எல்இடி வெளிச்சம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இங்கே இரவாகவும், கோள் பூமியின் நிழலிலும் இருக்க வேண்டும். 2012-இல் ஜப்பானின் ஃபிட்சாட்-1 என்ற கியூப்சாட் எல்இடிகளால் மோர்ஸ் குறியீட்டில் ஒளிர்ந்தது உண்மையே. ஆனால் மின்கலத்தில் சேமித்த ஆற்றலைக் கொண்டு சிறிது நேரமே அப்படி ஒளிர முடியும். ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் வானப் படங்களில் விடும் ஒளிக்கோடுகளால் ஏற்கெனவே அல்லல்படும் வானியலாளர்களுக்கு இன்னொரு தொல்லை வேண்டுமா?

ஹலசூர் வானோக்கி:
நீங்கள் சொல்வது பழைய வடிவத்துக்குப் பொருந்தும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் உருவாக்கிய எல்ரோய் என்ற அடையாள விளக்கு தபால்தலை அளவே இருக்கும். தனக்கென ஒரு சிறு சூரியத் தகட்டை வைத்துக்கொண்டு, லேசர் துடிப்புகளால் தன் எண்ணை அனுப்பும். கோளின் மின்கலம் செத்த பிறகும் அது பேசும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியும், ஒளித்துகள்களை எண்ணும் உணரியும் பொருத்திய சிறு தொலைநோக்கி போதும். மேகத்துக்கும் வழியுண்டு: மழைமறைவுப் பகுதியான லடாக்கின் ஹான்லேயில் உள்ள தொலைநோக்கியை நம் ஊருக்கு அருகிலுள்ள ஹோசகோட்டேயிலிருந்தே இயக்குகிறார்கள் அல்லவா?

பீன்யா பொறியாளர்:
செத்த கோள் தன் பெயரைச் சொல்லும் என்ற வாதத்தை ஏற்கிறேன். மோதல் எச்சரிக்கை வரும்போது எதிரே வருவது யாருடையது என்று தெரிவது எத்தனை முக்கியம் என்பதைப் பணியில் கண்டிருக்கிறேன். ஆனால் முதல் வாரத் தேடலுக்கு இன்றும் ரேடியோவைத்தான் நம்புவேன். விளக்கைக் கட்டாயமாக்குவதற்கு முன், ஒரே எண்ணை இருவர் வைத்துக்கொள்ளாதபடி எண்களை வழங்கிப் பதிவேட்டைக் காக்கும் பொறுப்பு எந்த நாட்டிடம், எந்த அமைப்பிடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.