ஆஸ்பிரின் ஆய்வில் இரத்தப்போக்கு நேரம்: டியூக் முறையா, ஐவி முறையா?

கேள்வி:
மருந்துக்கு முன்னும் பின்னும் தன்னார்வலர்களின் இரத்தப்போக்கு நேரத்தை (சிறு காயத்தில் இரத்தம் நிற்க ஆகும் நேரம்) ஒப்பிடும் ஆய்வொன்றைத் தொடங்கவிருக்கிறோம். முன்னோட்டமாக ஒருவருக்குக் காது மடலில் லேன்செட்டால் குத்தி, 30 நொடிக்கு ஒருமுறை வடிதாளில் ஒற்றி எடுத்தேன். ஆஸ்பிரினுக்கு முன் இரண்டரை நிமிடம், பின் மூன்று நிமிடம். அதாவது தாளில் ஒரே ஒரு பொட்டுதான் கூடியிருக்கிறது. இது மருந்தின் விளைவா, என் கைப்பிசகா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில் 1:
அந்த ஒரு பொட்டை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல இயலாது. 30 நொடி என்பது உங்கள் முதல் அளவில் ஐந்தில் ஒரு பங்கு; அளவுகோலே அவ்வளவு பருமனாக இருக்கும்போது சிறிய மாற்றம் அதில் பிடிபடாது. 1910-இல் வந்த டியூக் முறையில், அதாவது நீங்கள் செய்த காது மடல் குத்தில், குத்தின் ஆழமும் ஆளுக்கு ஆள் மாறும். ஐவி முறையில் மேற்கையில் இரத்த அழுத்தமானியின் கஃப்பைக் கட்டி, அழுத்தத்தை 40 மி.மீ. பாதரசத்தில் நிறுத்தி, முன்கையில் கீறுகிறோம். நுண்குழாய்கள் நிறைந்தே இருப்பதால், தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) கட்டும் அடைப்பு அந்த அழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். ஆஸ்பிரினால் வந்த பலவீனம் அங்கேதான் வெளிப்படுகிறது. 5 மி.மீ. நீளம், 1 மி.மீ. ஆழம் என ஒரே சீராகக் கீறும் வில்விசைக் கருவியைப் பயன்படுத்துங்கள். கீறும் திசையையும் மாற்றாதீர்கள். ஒற்றும்போது தாள் துளியை மட்டுமே தொட வேண்டும். காயத்தின் விளிம்பில் பட்டால் அப்போதுதான் உருவான அடைப்பு பெயர்ந்துவிடும்.

பதில் 2:
மேற்சொன்னதோடு உடன்படுகிறேன். ஆஸ்பிரின் தட்டணுவில் உள்ள சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியை மீளாதபடி முடக்குகிறது. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள் என்பதால், ஒருவருக்கே மருந்தையும் போலி மாத்திரையையும் மாற்றி மாற்றித் தருவதானால் நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். இரத்தசோகை உள்ளவர்களையும், தட்டணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு ஒரு லட்சத்துக்குக் குறைந்தவர்களையும் சேர்க்காதீர்கள். இவ்விரண்டுமே நேரத்தை நீட்டிவிடும். கீறலால் சிறு தழும்பு நிலைக்கக்கூடும் என்பதை ஒப்புதல் பெறும்போதே சொல்லிவிடுவது நம் கடமை.

பதில் 3:
ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இந்த அளவு ஒரு குழுவின் சராசரி மாற்றத்தைக் காட்டும். ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சையில் எவ்வளவு இரத்தம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்லாது. அதனால்தான் பல மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன. பின்னர் தட்டணுவைத் தடுக்கும் மற்றொரு மருந்தான குளோபிடோக்ரெலையும் சேர்ப்பதாக இருந்தால், தட்டணுச் செயல்பாட்டை அளக்கும் பிஎஃப்ஏ-100 கருவியை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொருத்தும் கொலாஜன்–எபிநெஃப்ரின் சோதனைப் பெட்டி ஆஸ்பிரினை நன்றாகக் காட்டும், குளோபிடோக்ரெலைப் பல சமயம் தவறவிட்டுவிடும். குளோபிடோக்ரெலுக்கு, தட்டணுக்களைத் தூண்டும் ஏடிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்யும் தட்டணுத் திரட்சிச் சோதனையே பொருத்தமானது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஐவி முறைக்கே மாறுகிறோம். ஒற்றி எடுப்பவருக்கு, எதிரில் இருப்பவர் மருந்து எடுத்தவரா இல்லையா என்பது தெரியாதபடியும் ஏற்பாடு செய்கிறேன். முன்னோட்டத்தில் அது எனக்குத் தெரிந்திருந்தது.