செடி அழுகி நாறுகிறது, அவசரம்

மாடிவீடு_பாண்டி:
வணக்கம். ஏழெட்டு மாதமாக வளர்க்கிற செடி திடீரென்று அழுக ஆரம்பித்துவிட்டது. நேற்று காலையிலிருந்து எலி செத்த நாற்றம், ஈ மொய்க்கிறது, உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னதாக வெள்ளைப் புழு வேறு. அம்மா சாயங்காலத்துக்குள் தூக்கி எறியச் சொல்லிவிட்டார்கள். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பதற்காக மூன்று கிளை ஒடித்து வைத்தேன், அதுவும் அடியில் கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வேலியோரம்:
என்ன செடி?

துளசிமாடம்:
எந்தத் தொட்டி, என்ன மண், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? படம் இருந்தால் போடுங்கள் தம்பி.

மாடிவீடு_பாண்டி:
சதைச்செடிதான். ஸ்டார்ஃபிஷ் கேக்டஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் அளவாகத்தான் ஊற்றுகிறேன். வேலையில் இருக்கிறேன், படம் அப்புறம்.

கெடிலக்கரை:
அழுகின இடத்தை வழித்து எடுத்துவிட்டு மஞ்சள் தூளை அப்பிவிடுங்கள். எல்லாம் சரியாகிவிடும். என் கற்றாழை, அடீனியம் இரண்டையும் மஞ்சள்தான் காப்பாற்றியது.

முத்தியால்பேட்டை_வாசி:
மஞ்சளால் ஒன்றும் ஆகாது. இது கடற்காற்று. கடல் பக்கம் திறந்த மாடி என்றால் இலையெல்லாம் உப்புப் படிந்து கருகும், நானே பார்த்திருக்கிறேன். முதலில் செடியைக் கழுவுங்கள்.

கள்ளிக்காடு:
இலையே இல்லாத செடிக்கு இலைக் கருகலா? பேஷ். செடியின் பெயர் கூடச் சரியாகத் தெரியாமல் மருந்து கேட்பதும், அதற்கு மஞ்சள், உப்பு என்று பதில் சொல்வதும் இங்கே வழக்கமாகிவிட்டது. அது கேக்டஸே இல்லை. ஸ்டேபிலியா, எருக்கங்குடும்பத்துச் செடி. ஆனால் எருக்கை ஒடித்தால் பால் வரும், இதை ஒடித்தால் தண்ணீர் மாதிரிச் சாறுதான். இந்த அடிப்படையாவது தெரிந்துகொண்டு வாங்கியிருக்கலாம்.

வேலியோரம்:
கள்ளிக்காடு ஐயா, பாடம் இருக்கட்டும். தம்பி, ஒரே ஒரு கேள்வி: செடி பூத்திருக்கிறதா?

மாடிவீடு_பாண்டி:
ஆமாம், நேற்று ஒரு பூ விரிந்தது. பெரிய நட்சத்திரம் மாதிரி, வெளிர்மஞ்சளில் செங்கோடு. சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். அதை எதற்குக் கேட்கிறீர்கள்?

வேலியோரம்:
😂 அந்த நாற்றமே பூவுடையதுதான் தம்பி! அழுகின கறி என்று நினைத்து ஈ வர வேண்டும், வந்தால்தான் மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஏமாந்த ஈ முட்டையும் போட்டுவிடும். அதில் வருகிற புழுதான் நீங்கள் பார்த்தது. தின்ன ஒன்றும் கிடைக்காமல் அதுவே செத்துவிடும், செடிக்கு ஒன்றும் ஆகாது. இது ஸ்டேபிலியாவில் ஜைஜான்டியா என்கிற வகையாக இருக்கும், தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடி. பூ ஓரிரு நாளில் வாடிவிடும். அதுவரைக்கும் தொட்டியை அம்மா கண்ணிலும் மூக்கிலும் படாத மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

துளசிமாடம்:
நாற்றம் சரி, கறுத்துப் போன மூன்று கிளை? அது பூவினால் இல்லையே. ஒடித்ததும் அன்றைக்கே நட்டுத் தண்ணீர் ஊற்றினீர்களா?

மாடிவீடு_பாண்டி:
ஆமாம். வாடக் கூடாதே என்று நட்ட உடனே நன்றாக ஊற்றினேன். நர்சரித் தொட்டியில் இருந்த தேங்காய்நார்க் கழிவிலேயேதான் வைத்தேன். தாய்ச்செடியிலும் இரண்டு கிளை அடியில் லேசாகக் கறுத்திருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

துளசிமாடம்:
அதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஐப்பசி மழையில் தேங்காய்நார் பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், காயவே காயாது. இன்றைக்கே தொட்டியைக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டு, செடியை வெளியே எடுத்து நாரையெல்லாம் உதிர்த்துவிடுங்கள். வேரில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, கழுவி நிழலில் உலர்த்துங்கள். கறுத்த கிளையை, உள்ளே பச்சை தெரிகிற வரைக்கும் மேலேயே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ள வேண்டும். நல்ல துண்டுகளை நிழலில் காகிதத்தின் மேல் ஒரு வாரம் சும்மா போடுங்கள். வெட்டுவாய் தோல் கட்டிக் காய்ந்த பிறகு, செங்கல் ஜல்லியும் மண்ணும் கலந்த கலவையில் படுத்தாற்போல வையுங்கள், ஆழமாகப் புதைக்கக் கூடாது. வைத்த அன்றும் தண்ணீர் வேண்டாம், நாலைந்து நாள் போகட்டும். எனக்குப் பத்தில் எட்டு பிழைக்கும்.

கெடிலக்கரை:
வெட்டுவாயில் மஞ்சள் வைத்தால் பத்துக்குப் பத்து.

முத்தியால்பேட்டை_வாசி:
ஜல்லிக்கு எங்கே போவது? தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை ஏழெட்டுத் தடவை கழுவினால் போதும், உப்புப் போய்விடும்.

கள்ளிக்காடு:
சற்று முன்புதான் கடல் உப்பு செடியைக் கருக்கும் என்றீர்கள். இப்போது கடல் மணலிலேயே நடச் சொல்கிறீர்கள். எது சரி? எம்சாண்டை வாங்கி, தூசியைச் சலித்து எறிந்துவிட்டுக் கரடானதை மட்டும் போடச் சொல்லுங்கள்.

செஞ்சிக்கோட்டை:
இதற்குச் சொந்தக்காரச் செடி எங்கள் பக்கத்துப் பாறையிலேயே இருக்கிறது, கள்ளிமுளையான். ஆயா புளி வைத்துத் துவையல் அரைப்பார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததற்கு எதற்கு இத்தனை பாடு?

கள்ளிக்காடு:
கல்முளையான். கல்லில் முளைப்பதால் அந்தப் பெயர். கள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செஞ்சிக்கோட்டை:
எங்கள் ஆயா சொன்னது கள்ளிமுளையான். பார்ப்பதற்குக் குட்டிக் கள்ளி மாதிரி இருப்பதால் கள்ளி என்றார்கள். நீங்கள் சொல்கிற கல்முளையான் தண்டு தடித்த வேறு வகை. நாங்கள் தின்று வளர்ந்த செடி ஐயா, எங்களுக்குத் தெரியாதா?

கள்ளிக்காடு:
ஊருக்கு ஊர் ஒரு பெயர் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். அதனால்தான் தாவரப் பெயரைச் சொல்லுங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

துளசிமாடம்:
அண்ணன்மார்களே, கேட்டவர் போயே போய்விட்டார். தம்பி, இதைப் படித்தால் ஒன்று: துவையல் கதையைக் கேட்டு ஸ்டேபிலியாவை வாயில் வைத்துவிடாதீர்கள்.

செஞ்சிக்கோட்டை:
அதை நான் சொல்லவே இல்லையே!

மாடிவீடு_பாண்டி:
எல்லாருக்கும் நன்றி. பொங்கலுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும், மறந்தே போனேன். தாய்ச்செடியில் பாதிதான் தேறியது. வெட்டி வைத்த ஐந்தில் மூன்று வேர் விட்டிருக்கிறது. அக்காவுக்கு ஒன்று கொடுத்தேன், பூ நாறும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

துளசிமாடம்:
படம்?